நிறுத்தத் தெரியாத கொத்தன்

காட்டோரப் புற்று ஒன்றில் செம்பி என்றொரு கறையான் இருந்தாள். அவளுக்குக் கொத்தன் என்று ஒரு தம்பி. மண்ணை எச்சிலில் குழைத்துச் சுவர் வைப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

அந்தப் புற்றில் ஒரு வழக்கம். கட்ட வேண்டிய வேளையில் ராணி ஒரு மணத்தைப் பரப்புவாள். மணம் வந்தால் எல்லோரும் கட்டுவார்கள். மணம் நின்றால் மண்ணைக் கீழே போட்டுவிடுவார்கள்.

ஒருநாள் கரடி ஒன்று புற்றை நகத்தால் கிழித்துவிட்டுப் போனது. ராணியின் மணம் எழுந்தது. பொழுது சாய்வதற்குள் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். மணம் நின்றது, எல்லோரும் ஓய்ந்தார்கள். கொத்தன் மட்டும் ஓயவில்லை. கரடியின் நகம் பட்டு மணத்தை அறியும் அவனுடைய உணர்கொம்பு ஒன்று முறுக்கிக்கொண்டிருந்தது.

"போதும், வா தம்பி" என்றாள் செம்பி.

"எனக்கு இன்னும் மணக்குதே அக்கா" என்றான் அவன்.

செம்பிக்குப் புற்றின் சட்டம் தெரியும். மணம் நின்ற பிறகும் கட்டுகிறவனைப் புற்றின் காவலர்கள் உயிரோடு விடமாட்டார்கள். அவர்கள் வந்து விசாரித்தபோது, எங்கேயோ விரிசல் விட்டிருக்கிறது, அதைத்தான் பூசுகிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

சில நாளில் கொத்தனின் உடம்பிலிருந்தே அந்த மணம் வீசத் தொடங்கியது. அது ராணியின் மணமா, அவன் மணமா என்று யாருக்கும் பிரித்தறியத் தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் மண்ணோடு ஓடிவந்தார்கள். சுவர்கள் தடித்தன. காற்று வரும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. குஞ்சுகளின் அறையில் புழுக்கம் ஏறியது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று செம்பி காவலர்களிடம் ஓடினாள். அவர்கள் அறைக்கு இப்போது வாசலே இல்லை.

திரும்பி வந்து வெளிச்சுவரைக் கடித்துத் துளை போட்டாள். கொத்தன் அதை அடைத்தான். மறுபடியும் போட்டாள். மறுபடியும் அடைத்தான்.

"குஞ்சுங்க மூச்சுத் திணறுது தம்பி. நிறுத்துடா."

"இதோ முடிஞ்சிடும் அக்கா" என்றான், வாய் நிறைய மண்ணோடு. அவன் குரலில் வஞ்சம் துளியும் இல்லை.

அவன் அடுத்த உருண்டை எடுக்கத் திரும்பிய நேரத்தில், செம்பி துளை வழியே வெளியே விழுந்தாள். நிமிர்ந்து பார்ப்பதற்குள் அந்தத் துளையும் மூடிக்கொண்டது. சுவர் வைக்கும் சத்தம் உள்ளே இரண்டு நாள் கேட்டது. பிறகு கேட்கவில்லை. செம்பி அந்த இடத்தை விட்டு நகரவும் இல்லை.

வளரத் தெரிந்தும் நிறுத்தத் தெரியாததை, அது உடம்பிலானாலும் ஊரிலானாலும், பாசத்தால் மூடி மறைப்பவர் கடைசியில் அனைத்தையும் இழப்பார்.