துரை வாங்கிவந்த பந்தயச் சாமான்

வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயரைச் சொன்னால் அங்குள்ள மேனேஜர் ஜெயசிங் துரைக்குக் கோபம் வரும், வேண்டாம். தோட்டத்துக் கிழட்டு டீசல் பிக்கப்பில், என்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் கெட்டுப்போய்விட, துரை பந்தய வண்டிக்குப் போடுவதை வாங்கிவந்தார்.

"இது என்ஜின் வேகமாச் சுத்தினாத்தான் பிடிக்கும் சார். இலை மூட்டையோட மேடு ஏற, மெதுவாச் சுத்தும்போதே பிடிக்கிறதுதான் வேணும்" என்றாள் டிரைவர் பொற்கொடி.

"பொம்பளை ஓட்டினா வண்டி கெடத்தான் செய்யும். இதுல சாமானைக் குறை சொல்றியா?" வருஷக்கணக்காக அந்த வளைவுகளில் வண்டி ஓட்டியவள் அவள், துரை ஓட்டியதெல்லாம் ஆட்களைத்தான். "நான் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள, ஒரு நட்டைக்கூடத் தொடாம நிரூபி. இல்லன்னா சாவியை வெச்சுட்டுப் போ!"

பொற்கொடி ஆபீஸ் மேசை விசிறிகள் இரண்டை எதிரெதிரே வைத்தாள். ஒன்றை மட்டும் ஒன்றாம் நம்பரில் போட்டாள். அந்தக் காற்றிலேயே மற்றதும் சுற்றியது.

"ஓடுறது என்ஜின், சும்மா நின்னது சக்கரம். கன்வெர்ட்டர்ல காத்துக்குப் பதிலா எண்ணெய், அவ்வளவுதான். இப்ப உங்க பந்தயச் சாமான்." சும்மா நின்ற விசிறியைத் துரை பக்கமாகத் தூரத் தள்ளி வைத்தாள். அது நின்றுவிட்டது.

"மூணுல வை!"

வைத்தாள். விசிறி அலறியது, எதிர் விசிறி அசைந்தது. இடது காதிலிருந்து வலது காதுக்குத் துரை படியச் சீவியிருந்த முடி கொடிபோல் எழுந்து நின்றது. குமாஸ்தாக்கள் உதட்டைக் கடித்தார்கள்.

"ஏறிடும் சார். ஆனா ஒவ்வொரு மேட்டுலயும் இப்படித்தான் கத்தும்."

"முதல்ல நிறுத்தும்மா!"

"விசிறியையா சார், அந்தச் சாமானையா?"

"ரெண்டையும்!"

மறுவாரம் பொருத்தமான கன்வெர்ட்டரோடு பிக்கப் மூட்டைகளைச் சுமந்து சத்தமில்லாமல் மேடேறியது. சாவி பொற்கொடியிடம்தான். துரை தொப்பி வாங்கிக்கொண்டார்.