வரிசைக்குப் பாம்பின் பெயர் வந்த விதம்

அந்தக் காலத்தில், விலங்குகளுக்குப் பேச்சு இருந்தபோது, ஜெர்மன் நாட்டுக் காடு ஒன்றில் மழை பொய்த்தது. மிஞ்சியது ஒரே ஊற்று. அங்கே நடந்த அநியாயங்களை நடந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும். வரிசை குலைந்தால் பெரியவர்கள் தப்பிவிடுவார்கள். முதலில், கரடி ஊற்றுக்குள் இறங்கிக் குளித்தது. அடுத்து, காட்டுப்பன்றி கரையைக் கிளறிச் சேறாக்கியது. அதற்குப் பிறகு, ஓநாய்கள் மிச்சத்தை வளைத்துக்கொண்டன. கடைசியாக, முள்ளெலியின் மூத்த குட்டி தாகத்தில் செத்தது. இளையதும் கண் திறக்காமல் கிடந்தது.

"இன்றைக்கும் கிடைக்காவிட்டால் இதுவும் போய்விடும், அக்கா," என்றது முள்ளெலி பாம்பிடம்.

பாம்பை அங்கே யாருக்கும் பிடிக்காது. அது ஊற்றின் ஓரம் தலையை வைத்து, காட்டுக்குள் வாலை நீட்டிப் படுத்தது.

"வந்த முறைப்படி என் உடம்பை ஒட்டி நில்லுங்கள். தலைப்பக்கம் நிற்பவர் குடிக்கலாம். முந்துகிறவரைக் கடிப்பேன்."

பயந்துகொண்டுதான் நின்றார்கள். தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. முள்ளெலிக்கு முன்னால் இன்னும் மானும் முயலும் இருந்தன.

பிந்தி வந்த கரடி சிரித்தது. "காலே இல்லாதவளுக்குக் காவல் வேலையா?"

"கால் இருக்கிற நீங்கள் மிதிக்கத்தானே செய்கிறீர்கள், அண்ணே. வால் பக்கம் போங்கள்."

கரடி அதன் முதுகில் காலை வைத்தது. திரும்பிக் கடித்திருக்கலாம். ஆனால் உடம்பு வளைந்தால் வரிசை கலையும், எல்லோரும் பாய்வார்கள், குட்டி நசுங்கும். பாம்பு அசையவில்லை. எலும்பு முறிந்த சத்தம் கடைசியில் நின்றவர்கள்வரை கேட்டது.

இனிக் கடிக்க யாரும் இல்லை. முயல் ஓநாயைப் பார்த்தது. ஓநாய் தண்ணீரைப் பார்த்தது. ஆனால் ஒருவரும் இடம் மாறவில்லை. மான் குடித்தது. முயல் குடித்தது. முள்ளெலி தன் குட்டியின் வாயை நனைத்தது. அது கண் திறந்தது.

கரடி ஓர் அடி முன்னால் வைத்தது. வரிசை முழுவதும் அதைத் திரும்பிப் பார்த்தது, ஓநாய்கள் உட்பட. கரடி வால் பக்கம் போயிற்று.

"அவள் பெயரை இனி எவரும் சொல்லக் கூடாது," என்று அங்கிருந்து உறுமியது.

"சரி, அண்ணே," என்றது முயல். "நாம் நிற்கிறோமே, இதற்கு அந்தப் பெயரை வைத்துக்கொள்கிறோம். தாகம் எடுத்தால் நீங்களும் அதைச் சொல்லித்தான் இடம் கேட்க வேண்டும்."

அன்று முதல்தான் ஜெர்மன் மொழியில் பாம்புக்கும் காத்து நிற்கும் வரிசைக்கும் ஒரே சொல். இன்றும் அந்த மொழியைக் கற்க வருகிறவர்கள், வகுப்பே சாட்சியாக உட்கார்ந்திருக்க, எழுந்து நின்று அந்தப் பெயரை உரக்க வாசிக்கிறார்கள்: ஷ்லங்கெ.