ஆறாம் கூண்டின் இரண்டு எலிகள்

மூளையைக் கொஞ்சம் கசக்கத் தயாரானவர்கள் மட்டும் மேலே படியுங்கள். விடைக்கு வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே கிடக்கிறது. நான் எதையும் ஒளிக்கவில்லை.

எஸ்தர் ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்ட மாணவி. பாக்டீரியாவின் புரதம் ஒன்றை எதிரியாக நினைக்காமல் பொறுத்துக்கொள்ள உடம்பைப் பழக்கலாம் என்பது அவள் கட்சி. பன்னிரண்டு சுண்டெலிகள், கூண்டுக்கு இரண்டு. முதல் மூன்று கூண்டுகளின் குடிநீரில், அந்தப் புரதத்தைச் சுரக்கும் தீங்கற்ற பாக்டீரியாவை மூன்று வாரம் கலந்து கொடுத்தாள். மற்ற மூன்றுக்கும் வெறும் தண்ணீர்.

கூண்டுகளைப் பராமரிக்கும் மாசிலாமணி அந்த எலிகளுக்குத் தாய்மாமன் மாதிரி. கூண்டில் பரப்பிய உமியை மாற்றும்போது பழைய உமியில் ஒரு கை எடுத்துவைத்துப் புது உமியோடு போடுவார். பழகிய வாசனை இருந்தால் எலி மிரளாதாம்; அதில் கிடக்கும் புழுக்கையையும் கொறித்துக்கொள்ளுமாம். முதல் வாரத்தில் ஒரு நாள் ஆறாம் கூண்டில் தண்ணீர் பாட்டில் ஒழுகி, உமியெல்லாம் ஊறிப்போனது. மனிதர் அசரவில்லை. மூன்றாம் கூண்டிலிருந்து காய்ந்த பழைய உமியை ஒரு கை அள்ளிப் போட்டு வேலையை முடித்தார்.

பிறகு எல்லா எலிகளுக்கும் ஊசி. ஒரே மருந்தில் அந்தப் புரதமும், ஒப்பிட்டுப் பார்க்க முட்டை வெள்ளைக்கருப் புரதமும் கலந்திருந்தன. முட்டைப் புரதத்தைப் பன்னிரண்டு எலிகளின் உடம்பும் எதிர்த்தது. பாக்டீரியாப் புரதத்தை முதல் மூன்று கூண்டுகள் கண்டுகொள்ளவில்லை. நான்கும் ஐந்தும் எதிர்த்தன. ஆறாம் கூண்டின் இரண்டு எலிகளும் சும்மா இருந்தன.

எஸ்தர் குறிப்பேட்டை இன்னொரு முறை சரிபார்த்தாள். மாதக் கடைசியில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். மூன்று வருட உழைப்பு இந்த இரண்டு எலிகளிடம் மாட்டிக்கொண்டது.

"ஊசி சரியா இறங்கியிருக்காது. அந்த ரெண்டையும் விட்டுட்டு எழுதும்மா," என்றார் நெறியாளர் ரங்கநாயகி.

"ரெண்டும் பிறவி நோஞ்சான், மேடம்," என்றான் சக மாணவன் பரணி.

"எலிங்க நல்லாத்தான் இருக்கு. தினம் பாக்குறேனே," என்றார் மாசிலாமணி.

மூவரில் யார் சொன்னது சரி? அந்த எலிகள் ஏன் சும்மா இருந்தன?

விடை: மாசிலாமணி சொன்னதுதான் சரி; காரணமும் அவரேதான், பாவம். ஊசி இறங்காமலோ எலி நோஞ்சானாகவோ இருந்தால் முட்டைப் புரதத்துக்கும் எதிர்ப்பு வந்திருக்காது. சுண்டெலிகள் புழுக்கையைத் தின்னும். மூன்றாம் கூண்டின் உமியோடு போன புழுக்கையில் பாக்டீரியாவும் போய்விட்டது; அது குடலில் பெருக, அந்த இரண்டின் உடம்பும் புரதத்துக்குப் பழகிவிட்டது. எஸ்தர் அந்த இரண்டையும் மறைக்கவில்லை; சோதனையைத் திரும்பச் செய்யத் தீர்மானித்ததில் மாதக் கடைசிக் கெடு கைநழுவிப் போனது. "என்னாலதானேம்மா?" என்று மாசிலாமணி கலங்கினார். "ஆமாண்ணே," என்றாள், பொய் சொல்ல வராமல். "இந்தத் தடவை வெறும் தண்ணிக் கூண்டு ஒண்ணுக்கு, பாக்டீரியா குடிச்ச கூண்டு உமியை வேணும்னே போடுங்க. ஒரு கை உமியே போதுமான்னு பாத்துடலாம்."