கரையில் நடந்த மீன்

மலையடிவாரக் காட்டில், நாணல் சூழ்ந்த மடு ஒன்று இருந்தது. அந்த மடுவில் துழாவன் என்ற நீர்நாய் வாழ்ந்துவந்தது. “இந்தத் தண்ணீரில் இருக்கும் மீனையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே பேர் சொல்லிவிடுவேன்!” என்று அது பீற்றிக்கொள்ளும். சும்மா சொல்லக் கூடாது, சரியாகச் சொல்லவும் செய்யும்.

கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த காட்டில் ஓர் இரவு மழை கொட்டித் தீர்த்தது. காலையில் துழாவன் பசியோடு கரையோர வேர்களுக்குள் தலையை விட்டுத் தேடியது. ஏதோ ஒன்று கொழுகொழுவென்று தட்டுப்பட்டது. லபக்கென்று கவ்வியது.

“ஐயோ, என் உதடு!”

முள் தைத்ததுபோல் சுருக்கென்றது. ஆனாலும் துழாவன் விடவில்லை. மீனை இழுத்துக்கொண்டு மேடேறி, ஈரப் புல்லில் போட்டுவிட்டு உற்றுப் பார்த்தது.

உள்ளங்கை அளவு மீன். பாசி படிந்த கல்லைப் போன்ற நிறம். வால் தொடங்கும் இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. செவுள் மூடியின் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி முட்கள்! வயிறு புடைத்திருந்தது.

துழாவன் இப்படி ஒரு மீனைப் பார்த்ததே இல்லை.

‘தின்றுவிடலாமா? விஷமாக இருந்தால்?’ அதற்குப் பசி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

அந்த நேரத்தில் மடுவோரம் ஒற்றைக் காலில் நின்றிருந்த நெட்டையார் என்ற கொக்கும், புதரிலிருந்து எட்டிப் பார்த்த புள்ளியன் என்ற காட்டுப்பூனையும் துழாவன் கண்ணில் பட்டார்கள்.

“இங்கே வாருங்கள்! இது என்ன மீன் என்று சரியாகச் சொல்பவருக்குப் பாதி மீன்!”

பாதி மீன் என்றதும் இருவரும் ஓடி வந்தார்கள்.

மீன் மெல்ல வாயைத் திறந்தது. “அண்ணே, என்னிடமே கேட்டிருக்கலாமே! நான் பனையேறிக் கெண்டை.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

“பனையேறியா? ஏறிப் பதநீர் இறக்குவாயோ?” என்றது புள்ளியன்.

“பனை ஏறுவதெல்லாம் யாரோ கட்டிவிட்ட கதை. ஆனால் தரையில் நடப்பேன். அந்தப் பக்கத்துக் குட்டை வற்றிவிட்டது. எனக்கோ வயிறு நிறைய முட்டை. ராத்திரி மழையில் ஈரப் புல்லைப் பிடித்து நடந்தே வந்தேன். விடியும்போதுதான் இந்த மடுவில் இறங்கினேன். அதற்குள் நீங்கள் பிடித்துவிட்டீர்கள்!”

“மீன் நடந்ததாம்! நாளைக்கு மாடு நீந்தி முட்டையிடும்!” துழாவன் கண்ணில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டது. “சரி, நீங்கள் நிதானமாகவே சொல்லுங்கள். தண்ணீரில்லாமல் இது எங்கே போய்விடப் போகிறது?”

நெட்டையார் தொண்டையைச் செருமினார். “தம்பி, ஏழு குளத்து மீன் தின்றவன் நான். இது கெளுத்தி! முள் குத்தியது அல்லவா? கெளுத்திதான் குத்தும்.”

“கெளுத்திக்கு மீசை இருக்குமே கொக்காரே! இதற்கு மீசை எங்கே?” என்று மடக்கியது புள்ளியன்.

“மழித்திருக்கும்!”

“மீன் மீசை மழிக்குமா? நான் சந்தைப் பக்கம் போய் வருகிறவன். இது ஜிலேபிக் கெண்டை! கூடை கூடையாகப் பார்த்திருக்கிறேன்.”

“நீ கூடையை எங்கே பார்த்தாய்? மீன்காரம்மா எறிந்த கல்லைத்தானே பார்த்தாய்!”

“என்னய்யா சொன்னீர்?”

புள்ளியன் முதுகை வளைத்துச் சீறியது. நெட்டையார் இறக்கையை விரித்தார். துழாவன் நடுவில் புகுந்தது.

“சண்டை வேண்டாம்! பேர் தெரியும் வரை ஒருவருக்கும் ஒரு துண்டு கிடையாது!”

மீன் மறுபடியும் சொல்லிப் பார்த்தது. “ஐயா, நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்...”

“நீ சும்மா இரு! பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்!” என்று மூவரும் ஒரே குரலில் அதட்டினார்கள்.

சரி, இனிச் சொல்லிப் பயனில்லை என்று மீனுக்குப் புரிந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. புல்லின் ஈரம் காய்ந்துவிட்டால் முட்டையோடு தானும் கருக வேண்டியதுதான். அது ஒரு பக்கத்துச் செவுள் மூடியை விரித்தது. முட்களை மண்ணில் ஊன்றியது. வாலால் ஓர் உந்து! பிறகு மறுபக்கத்துச் செவுள். மறுபடி ஓர் உந்து! இப்படியே சரிவை நோக்கி நகர்ந்தது.

“மீசை உதிர்ந்த கெளுத்தி!” என்று கத்தினார் நெட்டையார்.

“வெயிலில் கறுத்த ஜிலேபி!” என்று கத்தியது புள்ளியன்.

வழியில் நெட்டையாரின் கால் குறுக்கே நின்றது. மீன் அதில் முட்டியது.

“யாரப்பா அது காலை இடிப்பது?” என்ற நெட்டையார், பேச்சு சுவாரசியத்தில் குனிந்துகூடப் பார்க்காமல் காலைத் தூக்கி வழிவிட்டார்.

“நன்றி!” என்றது மீன்.

“பரவாயில்லை, போ” என்றார் நெட்டையார்.

சளக்!

மூவரும் திரும்பினார்கள். புல் வெறுமையாகக் கிடந்தது. ஈரத்தில் ஒரு கோடு மட்டும் மடு வரை ஓடியிருந்தது. மூவரும் தண்ணீரருகே ஓடினார்கள். ஆழத்தில் கறுப்புப் பொட்டு வைத்த வால் ஒன்று ஆடி மறைந்தது.

“நடந்தேதான் போயிருக்கிறது!” என்று வாயைப் பிளந்தது துழாவன்.

“பனையேறி என்று எனக்கு அப்போதே தோன்றியது” என்றார் நெட்டையார்.

“தோன்றியதா? நான்தான் முதலில் சொல்ல வாயெடுத்தேன்!” என்றது புள்ளியன்.

அந்தச் சண்டை உச்சி வெயில் வரை நடந்தது. துழாவன் அதைக் கேட்க நிற்கவில்லை. காலியான வயிற்றைத் தடவிக்கொண்டு மறுபடி தண்ணீரில் குதித்தது.

மழைக்காலம் முடிவதற்குள் மடு முழுக்கக் கறுப்புப் பொட்டு வைத்த குஞ்சுகள் துள்ளி விளையாடின.

எதிரில் இருப்பவர் சொல்வதைக் காதில் வாங்காமல், எல்லாம் தெரிந்தவர்போல் தாமே பேசிக்கொண்டிருப்பவர்கள், பிடித்து வைத்திருப்பதையும் இழந்துவிடுவார்கள்.