மூன்று கணினிகளும் அணைந்த வேளை

கூழாங்கல் குட்டையின் கரையில் மருதாயி என்ற புள்ளிமான் தன் குட்டியைக் கோரைப் புல்லுக்குள் படுக்க வைத்திருந்தது. குட்டி நேற்றுத்தான் பிறந்தது. எழுந்து நிற்கவே தள்ளாடும். ஓடச் சொன்னால் எங்கே ஓடும்? காட்டிலோ செந்நாய்க் கூட்டம் திரிந்தது. மருதாயிக்குத் தண்ணீர்கூட நிம்மதியாகத் தொண்டையில் இறங்கவில்லை.

ஆனாலும் அதற்கு ஒரு தைரியம் இருந்தது. குட்டைக்கு மேலே மனிதர்கள் கைவிட்டுப் போன காவல் வீடு ஒன்று நின்றது. உள்ளே மூன்று கணினிகள். குட்டைக்கு வரும் மூன்று பாதைகளிலும் கேமராக்கள். ஒவ்வொரு கணினியும் ஒரு பாதையைப் பார்க்கும். செந்நாய் தென்பட்டால் மின்சங்கு அலறும். சங்கு கேட்டதும் மேட்டில் மேயும் காட்டெருமைகள் இறங்கி வந்து குட்டிகளைச் சுற்றி நின்றுகொள்ளும். அந்தக் கொம்புகளைப் பார்த்துவிட்டு எந்தச் செந்நாயும் நெருங்கியதில்லை.

கணினிகள் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. அவற்றைப் பார்த்துக்கொண்ட மூன்று பேருக்கும்தான் வாய் ஓயவில்லை!

கருமந்தி வாலாயுதத்தின் கணினியில் ஓடியது 'வாசல்' என்ற இயங்குதளம். "யாரும் பழகலாம். எந்தக் கம்பியைச் செருகினாலும் ஏற்கும். சங்கே என் கணினியிலதான் தொங்குது!" என்று அது பீற்றிக்கொள்ளும்.

"ஆமா, எந்தக் கிருமியும் உள்ளே வரலாம்! அவசர நேரத்துல 'என்னைப் புதுப்பிச்சுக்கிறேன், பொறு'ன்னு தூங்கும்!" என்று சிரிக்கும் மயில் ஒய்யாரன். அதன் கணினியில் இருந்தது 'முத்து'. பார்க்க அழகு. படம் கண்ணாடித் தண்ணீர் மாதிரி தெளிவு. கிருமி எளிதில் நுழையாது. ஆனால் தன் இனத்தைச் சேராத எந்தக் கருவியையும் முத்து தொடவிடாது. அந்தச் சங்கையும்தான்.

முள்ளம்பன்றி முள்ளாண்டிக்கு இரண்டுமே இளக்காரம். அதன் துருப்பிடித்த கணினியில் ஓடியது 'புதர்'. "இதைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். யாருக்கும் கைகட்டி நிக்க வேண்டாம்!" என்று முள்ளைச் சிலிர்க்கும். ஆனால் புதரிடம் எதையும் எழுத்தால்தான் கட்டளையிட வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கறுப்புத் திரை ஊமையாக நிற்கும்.

உண்மையில் மூன்றும் ஒன்றை ஒன்று தாங்கித்தான் காட்டைக் காத்தன. முத்துவும் புதரும் செந்நாயைக் கண்டால் வாசலுக்குச் சொல்லும். வாசல் ஊதும். வாசல் தூங்கும் நேரத்தில் முள்ளாண்டி ஓடிப் போய்ச் சங்கின் கம்பியைப் புதரில் செருகும். இந்தப் பெருமை மட்டும் அந்த மூன்று பேரின் வாயிலும் வரவே வராது.

இதையெல்லாம் வெளியே செடி மறைவிலிருந்து ஒரு நரி கவனித்துக்கொண்டிருந்தது. செந்நாய்கள் தின்று போட்ட மிச்சம் கிடைக்காமல் அதற்கு வயிறு ஒட்டிப்போயிருந்தது.

அன்று வெயில் தாழும் நேரத்தில் அது காவல் வீட்டுக்குள் நுழைந்தது. மருதாயிக்கு ஏனோ மனசு கேட்கவில்லை. பின்னாலேயே ஏறி உள்ளே போய்ச் சன்னல் ஓரம் நின்றது.

"ஐயா, உங்க மூணு பேர் அறிவையும் காடே பேசுது!" என்று நரி குழைந்தது. "ஆனா எது உசத்தின்னு இன்னும் தீரலையே! மூணையும் அணைச்சுட்டு ஒண்ணா எழுப்புங்க. எது முதல்ல கண்ணு முழிக்குதோ அதுதான் ராஜா!"

நல்ல கொம்பு சீவல்! மூன்றும் அந்த நிமிடமே சிலிர்த்துக்கொண்டு நின்றன.

"அண்ணே!" என்று பதறியது மருதாயி. "மூணையும் அணைச்சா பாதையை யாரு பார்க்கிறது?"

"கண்ணை மூடித் திறக்கிற நேரந்தான் தங்கச்சி!" என்றது வாலாயுதம்.

"ஒண்ணையாவது விட்டு வையுங்க!"

"எதை? அப்போ அது தோத்ததா ஜெயிச்சதா?" என்று ஒய்யாரன் எரிந்து விழுந்தது.

மூன்று திரைகளும் அணைந்தன. நரி வாலைத் தூக்கிக்கொண்டு வெளியே நழுவிச் செந்நாய்கள் இருந்த பக்கம் ஓடியது.

மருதாயி சன்னல் வழியே வெளியே காதைத் திருப்பியது. சற்று நேரத்தில் குட்டைப் பக்கமிருந்து ஒரு சீழ்க்கை கேட்டது. மெல்லிய சீழ்க்கை. பறவை இல்லை. செந்நாய்கள் கூட்டத்தைக் கூப்பிடும்போது அப்படித்தான் சீழ்க்கை அடிக்கும். எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு சீழ்க்கை பதில் சொன்னது.

"வந்துட்டுதுங்க! ஊதுங்க அண்ணே, ஊதுங்க!"

வாலாயுதம் திரையைத் தட்டு தட்டென்று தட்டியது. 'புதுப்பிக்கப்படுகிறது. அணைக்க வேண்டாம்' என்று வாசல் நிதானமாகச் சொன்னது. "இதுக்கு இப்பத்தானா நேரம்!" என்று மந்தி தலையில் அடித்துக்கொண்டது.

முத்து விழித்துவிட்டது. "பார்த்தீங்களா!" என்று ஒய்யாரன் தோகையை விரிக்கப் போனது. விரித்த தோகை பாதியில் நின்றது. திரையில் குட்டைக்கரை தெரிந்தது. செந்நாய்கள் கோரைப் புல்லை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தன. மூக்கின் ஈரம்கூடத் தெரிந்தது. அவ்வளவு தெளிவான படம்! ஊதத்தான் வழியில்லை.

"புதர் எழுந்திரிச்சுது!" என்று கத்தியது முள்ளாண்டி. "சங்கோட கம்பியைப் பிடுங்கிக் கொடு!"

வாலாயுதம் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டது. "என் சங்கை உன் கணினியிலயா? எப்பவும் கேக்காமத்தான் பிடுங்குவே. இன்னும் கொஞ்சந்தான், வாசலே ஊதிடும்!"

"அங்க கிடக்கிறது என் புள்ள அண்ணே!" என்று மருதாயி அலறியது. அதற்கு மேல் அங்கே நிற்க அதனால் முடியவில்லை. சன்னலைத் தாண்டிக் குதித்துச் சரிவில் விழுந்து எழுந்து ஓடியது.

கோரைக்குள் குட்டி அசையாமல் கிடந்தது. மருதாயி அதன்மேல் கால்களை அகட்டி நின்றது. சுற்றிலும் செம்பட்டை முதுகுகள். அவை அவசரப்படவில்லை. வட்டம் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. மருதாயி மேலே காவல் வீட்டைப் பார்த்தது. சத்தமே இல்லை. அவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்களா? கம்பியைக் கொடுத்தார்களா, இல்லையா? பயம், வெறும் பயம். ஆனால் அது நகரவில்லை.

ஒரு செந்நாய் பாய்ந்தது. மருதாயி உதைத்தது. இன்னொன்று பின்னாலிருந்து தலையை நுழைத்து எதையோ கவ்வியது. குட்டி முதல் தடவையாக வீறிட்டது.

அப்போது சங்கு அலறியது!

மேட்டில் தரை அதிர்ந்தது. கறுத்த உடம்புகள் புல்லைப் பிளந்துகொண்டு இறங்கின. செந்நாய்கள் சிதறின. எலும்புக்காகக் காத்திருந்த நரியைக் கண்டதும் அவற்றின் ஆத்திரமெல்லாம் அதன் பக்கம் திரும்பியது. அதன் பிறகு அந்த நரியை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் காவல் வீட்டில் ஒய்யாரன் தொண்டையைச் செருமியது. "என்ன இருந்தாலும், முதல்ல முழிச்சது முத்துதானே..."

"சங்கை ஊதினது புதர்!" என்றது முள்ளாண்டி.

"கம்பியைக் கொடுத்தது யாராம்?" என்றது வாலாயுதம்.

கதவோரம் நிழல் தட்டியது. மருதாயி குட்டியோடு நின்றது. குட்டி தள்ளாடித் தள்ளாடி உள்ளே வந்தது. அதற்கு ஒரு காதுதான் இருந்தது. அந்த மூன்று பேரையும் கண்டதும் அது பயந்து தாயின் காலுக்குள் ஒடுங்கியது.

"அண்ணே, உங்க போட்டியில தோத்தது யாருன்னு பாருங்க" என்றது மருதாயி.

முள்ளாண்டி தலையைக் குனிந்துகொண்டது. வாலாயுதம் மெதுவாகச் சொன்னது: "இனிமே ஒண்ணு தூங்கினா மத்த ரெண்டும் முழிச்சிருக்கணும். சங்கோட கம்பி யாருக்கும் சொந்தமில்ல."

குறையில்லாத கருவி எதுவும் இல்லை. ஒன்றின் குறையை இன்னொன்றின் பலத்தால் மூடாமல் எது உசத்தி என்று போட்டி போடுகிறவர்கள், தங்கள் காவலைத் தாங்களே அணைத்துவிட்டு அதன் விலையை ஒன்றும் அறியாதவர்கள் தலையில் கட்டுகிறார்கள்.