போபாலுக்குத் துணை யார்?

"பதினாறு தலை, முப்பத்திரண்டு கால், வளைஞ்ச மட்டை பதினாறு. ஊர் ஊராப் போகும். ஆனா ஒரே ஒரு ஆள் இல்லைன்னா இந்த மைதானத்து கேட்டைத் தாண்டாது. அது என்ன, சொல்லுங்க பார்ப்போம்!"

கோமதிநாயகம் விடுகதையைப் போட்டுவிட்டுக் கோவில்பட்டி மைதானத்தின் படிக்கட்டில் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். கீழே பதினாலு வயதுக்கு உட்பட்ட பெண்களின் ஹாக்கி அணி பயிற்சி செய்துகொண்டிருந்தது.

"நம்ம பிள்ளைகளோட டீம்தான்," என்றார் தையற்கடை சலேத்து. அவர் மகள் கோல் கீப்பர். "அந்த ஒரு ஆள் வேன் டிரைவர்."

"பாதி சரி. டீம் சரி. ஆனா அந்த ஆள் நான்."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இந்த அணி வெளியூருக்குப் போனால் பெற்றோரில் ஒருவர் துணைக்குப் போவது வழக்கம். யார் போக வேண்டும் என்பதை அணியின் கேப்டன்தான் சொல்ல வேண்டும். கூடப் போய் அவதிப்படுவது பிள்ளைகள்தானே, அவர்களே சொல்லட்டும் என்பது கோச் பெனிட்டாவின் கட்சி. இதுவரை கோமதிநாயகத்தைத் தவிர யாரும் கை தூக்கியதில்லை. ஏழு பயணமும் அவரே போனார். இந்த முறை போபால். இரண்டு நாள் ரயில். ராஜபுஷ்பமும் கை தூக்கிவிட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் இந்த அணியில் வலதுபக்க ஆட்டக்காரி.

கோமதிநாயகத்துக்குக் கவலை ஏதும் இல்லை. இந்த வருடம் கேப்டன் அவருடைய மகள் காளீஸ்வரி. ஆனாலும் தகுதியால்தான் இடம் கிடைத்தது என்று நாலு பேர் சொல்ல வேண்டும் அல்லவா? அதற்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"திண்டுக்கல் பயணத்தையே எடுத்துக்கிடுங்க. பன்னிரண்டு சீட்டு வேன். பிள்ளைக பதினாறு, கோச், நான், மட்டைக் கட்டு, எலுமிச்சைச் சோறு மூணு அண்டா. டிரைவர் தலையில கைய வச்சிட்டான். நான் அடுக்கினேன். தீப்பெட்டிக்குள்ள குச்சி அடுக்குற ஊர்க்காரன் இல்லையா? அப்படி ஒரு அடுக்கு! முன்சீட்டுப் பிள்ளைக்குத் தும்மல் வந்துச்சு, கடைசி சீட்டுப் பிள்ளை மூக்கைத் துடைச்சா."

"அப்ப நீங்க எங்க உக்காந்தீங்க அண்ணாச்சி?" என்றாள் ராஜபுஷ்பம்.

"அண்டாவுக்குள்ள. சோத்தைத் தொடவே இல்லை தங்கச்சி, ஓரமாத்தான் இருந்தேன்."

சலேத்து வாயைப் பொத்திக்கொண்டார். அது கோமதிநாயகத்துக்குப் பாராட்டாகவே பட்டது. குரலை ஒரு படி ஏற்றினார்.

"சேலம் போனோமே, அது ரயில்ல. விருதுநகர்ல ரெண்டு நிமிசம் நின்னுச்சு. பிள்ளைகளுக்குத் தண்ணி பிடிக்க இறங்கினேன். பதினாறு பாட்டில். பதினஞ்சாவது நிறையும்போது வண்டி கிளம்பிருச்சு. பிள்ளைக உள்ள, நான் வெளியே. வேற ஆளா இருந்தா ஓடுவான். நான் ஓடலை. கழுத்துல கோச்சம்மா விசில் கிடந்துச்சு. ஒரே ஊது! எஞ்சின் டிரைவர் அந்தக் காலத்து ஹாக்கிக்காரர். விசில் கேட்டா அப்படியே நின்னாகணும், அது ரத்தத்துல ஊறினது. நின்னார். நின்னதோட விட்டாரா, தப்பு தன்னோடதுன்னு நினைச்சு வண்டியை அஞ்சு கெஜம் பின்னாலயும் எடுத்தார். அந்த ஒரு ஊதலுக்கு மதுரை வரைக்கும் எல்லா வண்டியும் நின்னுடுச்சு."

"மாட்டு வண்டியுமா?" என்றார் சலேத்து.

"அது மட்டும் நிக்கலை. மாட்டுக்கு ஹாக்கி சட்டம் தெரியாதே."

பயிற்சி முடிந்து பிள்ளைகள் ஒவ்வொருவராகப் படிக்கட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தார்கள். காளீஸ்வரியும் வந்தாள். முழங்கால் தடுப்பைக் கழற்றிக்கொண்டே அப்பாவின் பேச்சைக் கேட்டாள். மகள் கேட்கிறாள் என்றதும் கோமதிநாயகத்துக்கு உற்சாகம் கரை புரண்டது.

"ஊட்டியைச் சொல்லவா? மலை ஏறுறோம், எதிரே பனி. கனத்த பனின்னா அப்படிப் பனி. வேன் முட்டி நின்னுடுச்சு. நான் இறங்கினேன். இட்லித் துணி நாலு கையில இருந்துச்சு. பனியை அப்படியே சுருட்டுனேன், மூட்டை கட்டுனேன், சலேத்து மக பையில திணிச்சேன். பாதை பளிச்சுன்னு ஆயிருச்சு. பையை ஊருக்குக் கொண்டாந்து, மே மாசம், இதே மைதானத்துல அவிழ்த்து விட்டேன். மூணு நாள் மார்கழி! வெயில் உள்ளே வர வழி தெரியாம கேட்டுக்கு வெளியவே நின்னுச்சு."

"மே மாசம் நான் ஊர்லதான் இருந்தேன். வேர்த்துக் கொட்டுச்சே?" என்றாள் ராஜபுஷ்பம்.

"உங்க தெரு வரைக்கும் எட்டலை தங்கச்சி. அளவாத்தான் கட்டிக்கிட்டு வந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ராஜபுஷ்பமும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணாச்சி, ஒரே ஒரு சந்தேகம். ஊட்டியில மேட்ச் என்ன ஆச்சு?"

கோமதிநாயகம் வாயைத் திறந்தார். "மேட்சா? நான் பனி மூட்டைக்குக் காவல் இருந்தேன். இளகிருச்சுன்னா?"

"திண்டுக்கல்ல?"

"அண்டா கழுவணும்லா."

"சேலத்துல?"

"ஸ்டேஷன் மாஸ்டர் விடலை. மாலை போட்டு உக்கார வச்சுட்டார்."

"சேலத்துல மூணு கோல்," என்றாள் ராஜபுஷ்பம். "மூணும் காளீஸ்வரி போட்டது. கடைசி கோலைப் போட்டுட்டு, அப்பா எங்க, அப்பா எங்கன்னு படிக்கட்டைப் பார்த்துக்கிட்டே நின்னாளாம். வீட்டுக்கு வந்து எம்மவ சொன்னா."

கோமதிநாயகம் மகளைப் பார்த்தார். மகள் முழங்கால் தடுப்பைப் பார்த்தாள். இந்த மாதிரி நேரத்தில் வேறு ஒருவர் பேசாமல் இருந்திருப்பார். கோமதிநாயகத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"மூணுன்னா சொன்னா உங்க மக?" என்றார். "ஏழு! ஏழாவது பந்து வலையைக் கிழிச்சுக்கிட்டு ஏற்காடு மேல ஏறிருச்சு. அதைத் தேடித்தான் நான் போனேன்."

"மூணுதான்ப்பா," என்றாள் காளீஸ்வரி.

கோச் பெனிட்டா காகிதத்தோடு வந்தார். பதினாறு பெயரும் எழுதியிருந்தது. கடைசி வரி மட்டும் காலி. "கேப்டன், துணைக்கு யாரு?" என்று கேட்டார்.

கோமதிநாயகம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

ராஜபுஷ்பம் அத்தை வரட்டும் என்று காளீஸ்வரி சொன்னாள்.