சும்மா இருந்தால் ஃபேன் நின்றுவிடும்

கடவுள் புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்கு, வரிசை நீளமாக இருக்கிறதே என்று பாதியில் வீடு திரும்பியவர்கள் மூன்று பேர். தூத்துக்குடிப் பக்கம் கரண்ட் கம்பி எட்டிப் பார்க்காத ஓர் உப்பளத்து ஓரத்தில், ஒரே வீட்டில் இருந்தார்கள். மாசானம் சித்தப்பா, அவருடைய அண்ணன் மக்களான பிச்சைக்கண்ணு, சுயம்பு. மூன்று பேரும் தங்கமானவர்கள். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

சுயம்புவுக்கு முப்பத்தாறு வயது. அலையாய் அலைந்து இப்போதுதான் பொன்செல்வி என்று ஓர் இடம் அமைந்திருந்தது. பெண் கொடுக்க அவள் அப்பா செந்தூர்பாண்டி தயார்தான். ஆனால் ஒன்று சொல்லிவிட்டார்.

"எம்மக வெக்கையில கிடந்து வேக மாட்டா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீடு பாக்க வாரேன். நான் உக்காந்து காப்பி குடிச்சு எந்திரிக்கிற வரைக்கும் ஃபேன் சுத்தணும். இல்லேன்னா பேச்சை முடிச்சுக்கிடுவோம்."

கூரைமேல் சோலார் பலகை இருந்தது. உள்ளே பேட்டரி, இன்வெர்ட்டர், டிவி, ஒரு மேசை ஃபேன். ஆனால் பொழுது சாய்வதற்குள் எந்த நேரத்திலும் பேட்டரி படுத்துவிடும். சுயம்புவுக்குச் சோறு இறங்கவில்லை. சோலார் மெக்கானிக் தொம்மையைக் கையோடு கூட்டி வந்தான்.

தொம்மை மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, ஓடுறது கரண்டைக் குடிக்கிறது பாதிதான். மிச்சத்தைப் பூரா சும்மா கிடக்கிறதுல்லா குடிக்குது! டிவியை ரிமோட்டுல அமத்துனாலும் அந்தச் செவப்பு லைட்டு எரியுதே, அது குடிக்கும். இன்வெர்ட்டரு ஒண்ணையும் ஓட்டாம சும்மா கிடந்தாலும் குடிக்கும். சும்மா கிடக்கிற எதையும் விட்டு வைக்காதீய!"

சொல்லிவிட்டு பைக்கில் ஏறிப் போய்விட்டார். சுவிட்சை அணைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பாவம், அந்த வீட்டுக்கு அவர் புதுசு.

மூவரும் வட்டமாக உட்கார்ந்து யோசித்தார்கள்.

"சும்மா கிடக்கிறதுதான் குடிக்குமாம்" என்றான் பிச்சைக்கண்ணு.

"அப்போ வேலை பாக்கிறது?" என்று கேட்டார் சித்தப்பா.

"வேலை பாக்கிறவனுக்குக் குடிக்க ஏது நேரம், சித்தப்பா?"

மறுக்க முடியாத நியாயம். அன்று முதல் டிவி விடிந்ததிலிருந்து ஓயாமல் ஓடியது. பல்பெல்லாம் பட்டப்பகலில் எரிந்தன. பேட்டரி சாயங்காலம் வரைகூடக் காத்திருக்காமல் மத்தியானமே படுத்தது.

"இன்னும் என்னமோ சும்மா கிடக்குலே" என்றார் சித்தப்பா.

தேடினால் வீடு முழுக்கச் சோம்பேறிகள்! குடை மூலையில் கிடந்தது. அதை வீட்டுக்குள்ளேயே விரித்துப் பிடித்தார்கள். பூட்டைப் பூட்டித் திறந்து, திறந்து பூட்டினார்கள். ஏணி சாய்ந்திருப்பதைப் பார்த்துச் சுயம்பு அதில் ஏறி இறங்கினான். மேலே அவனுக்கு ஒரு ஜோலியும் இல்லை.

சனிக்கிழமை சாப்பிட்டுவிட்டுச் சித்தப்பா கட்டையைச் சாய்த்தார். அந்த நேரம் பார்த்து ஃபேன் நின்றது.

"ஐயோ சித்தப்பா, நீங்களா?" சுயம்பு அழுதேவிட்டான். "எங் கல்யாணத்தையே குடிச்சிட்டீங்களே!"

சித்தப்பாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. "வேணும்னு குடிக்கலடா. தூக்கத்துல தெரியாம உள்ள போயிருக்கும்." அப்போது கையில் எடுத்த உலக்கையை அவர் அப்புறம் கீழே வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மேகமும் வந்தது. செந்தூர்பாண்டியும் வந்து சேர்ந்தார். சித்தப்பா வெறும் உரலைக் குத்தினார், பிச்சைக்கண்ணு பூட்டைத் திறந்தான், மாப்பிள்ளை விரித்த குடையோடு ஏணியில் ஏறினான். இதையெல்லாம் பார்த்தும் பெரியவர் பெருந்தன்மையாகக் காப்பியை வாங்கிக்கொண்டார். பாதித் தம்ளரில் ஃபேன் முனக ஆரம்பித்தது.

சுயம்பு ஏணியில் நின்றபடியே வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினான். எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் வேலை இருந்தது. ஒருவரைத் தவிர.

"மாமா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. சித்தப்பா கையில இருக்கிற உலக்கையைக் கொஞ்சம் பிடிங்க."

இந்த வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று செந்தூர்பாண்டியும் எழுந்து நாலு குத்துக் குத்தினார். சித்தப்பா அம்மிக்கு ஓடினார். ஃபேன் நின்றேவிட்டது.

"கைதானே வேலை பாக்குது? காலு சும்மா நிக்குல்லா?" என்றான் பிச்சைக்கண்ணு. "மாமா, குதிச்சுக்கிட்டே குத்துங்க."

"வாயும் சும்மாதான் இருக்கு" என்றார் சித்தப்பா. "சம்மந்தி, ஒரு பாட்டும் பாடிருங்களேன்."

வாய்க்கு வேலை கிடைத்தது. அவர் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. உலக்கையைக் கடாசிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, உப்புப் பாத்தி வரப்பில் விறுவிறுவென்று நடந்தார். அவர் பத்தடி போவதற்குள் மேகம் விலகியது. ஃபேன் விர்ரென்று சுற்றியது.

"பாத்தியாலே! இவருதான் குடிச்சிருக்காரு!" என்றார் சித்தப்பா.

சுயம்புவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. பொன்செல்வி கை நழுவிப் போகிறாளே! வழியில் மாமாவுக்கு உதவும் என்று உலக்கையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

"மாமா, ஃபேன் சுத்துது! நில்லுங்க மாமா!"

செந்தூர்பாண்டிக்கு என்ன தோன்றியதோ, நின்றார். அடுத்த மேகம் வந்தது. வீட்டிலிருந்து பிச்சைக்கண்ணு அலறினான்: "நிக்கச் சொல்லாதலே! அவரு அங்க நின்னா இங்க ஃபேன் நிக்குது!"

"மாமா, நிக்காதீங்க!" சுயம்பு உலக்கையை ஓங்கி ஆட்டினான். "ஓடுங்க! ஓடுங்க!"

செந்தூர்பாண்டி திரும்பிப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். அறுபது வயதில் அப்படி ஓட முடியும் என்று அவருக்கே தெரியாது.

"அப்படித்தான் மாமா!" பின்னாலிருந்து சந்தோஷமாகக் கத்தினான் சுயம்பு. "பஸ்ஸு வந்தாலும் உக்காந்திராதீங்க! கல்யாணத் தேதியை ஓடிக்கிட்டே சொல்லுங்க!"